நல்ல கோடை அமையட்டும்

"நகரசபையிலிருந்து மெயில் வந்திருக்கு," என்றான் சிக்ஸ்டன்.

"என்னவாம்?"

"ஒண்ணு இல்ல. நிறைய."

"நிறையன்னா?"

"அறுநூத்திச் சொச்சம்."

குன்வோர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

ஆகஸ்டின் முதல் திங்கட்கிழமை. கோடை விடுமுறை முடிந்து ஊர் முழுவதும் வெயிலில் மூக்குத் தோல் உரிந்து வேலைக்குத் திரும்பியிருந்தது. அக்காவும் தம்பியும் நடத்தும் கம்பெனியில் அவர்களைச் சேர்த்து ஐந்து பேர். மற்ற மூவரும் பட்டறையில் ரம்பத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் செய்வது பனிக்கழி. பனி மூடிய சாலைக்கு ஓரம் எது என்று வண்டிக்காரனுக்குக் காட்டும் ஆளுயர மரக்கழி, தலையில் ஆரஞ்சுப் பூச்சு. கிரெஸ்மூ நகரசபை ஆண்டுதோறும் வாங்கும் கழிகளில்தான் கம்பெனி குளிர்காலத்தைத் தாண்டியது. இந்த ஆண்டு டெண்டர் வெள்ளிக்கிழமை நண்பகலோடு முடிகிறது. தெற்கே பிளாஸ்டிக்கில் கழி செய்கிறவன் ஒருவன் காத்திருந்தான். விலையில் அவனால் இவர்களை மிஞ்ச முடியாது. இவர்களுடைய டெண்டர் போய்ச் சேர்ந்தால் போதும்.

"ஒண்ணைப் படி," என்றாள் குன்வோர்.

சிக்ஸ்டன் படித்தான். "'உங்கள் கடிதம் கிடைத்தது. பதிவு செய்யப்பட்டது. எண் 731. உங்களுக்கும் நல்ல கோடை அமையட்டும். வெண்டெலா, பதிவுப் பிரிவு, கிரெஸ்மூ நகரசபை.'"

"அடுத்தது?"

"அதேதான். எண் மட்டும் 732."

"நாம என்ன கடிதம் போட்டோம்?"

"நாம போடல. சர்வர் போட்டிருக்கு."

சர்வர் அலுவலகத்துக்குக் கீழே, சிக்ஸ்டனின் வீட்டு நிலவறையில், சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்குள் இருந்தது. அந்த சவுனாவில் யாரும் குளித்ததில்லை. மரச்சுவர், ஈரமில்லை, கதவைச் சாத்தினால் சத்தமில்லை. மேல் பலகையில் மெஷின், கீழ்ப் பலகையில் மோடம். பிராட்பேண்ட் வந்த வாரமே வைத்தது. நம்ம கடிதம் நம்ம வீட்டுலதான் இருக்கணும் என்பது சிக்ஸ்டனின் கட்சி. சவுனாவுக்குள் வேர்க்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் அதுதான் என்பாள் குன்வோர்.

விடுமுறைக்கு முன்பு சிக்ஸ்டன் மெஷினுக்கு ஒரு பதில் கற்றுக்கொடுத்திருந்தான். 'உங்கள் கடிதத்துக்கு நன்றி. ஆகஸ்ட் தொடக்கம் வரை விடுமுறையில் இருக்கிறோம். நல்ல கோடை அமையட்டும்! சிக்ஸ்டன்.' வழக்கமாக இத்தகைய மெஷின்கள் ஓர் ஆளுக்கு ஒருமுறைதான் பதில் போடும். அந்த ஏற்பாட்டை சிக்ஸ்டன் எடுத்துவிட்டான்.

"ஏண்டா எடுத்த?"

"ரெண்டாவது தடவை எழுதறவனுக்குப் பதில் வரலன்னா அவன் என்ன நினைப்பான்?"

"நீ லீவ்ல இருக்கன்னு நினைப்பான்."

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கு, குன்வோர்."

நடந்ததை அவள் மெல்லக் கோத்துப் பார்த்தாள். நகரசபை டெண்டர் அறிவிப்பை அனுப்பியிருக்கிறது. மெஷின் நன்றி சொல்லியிருக்கிறது. நகரசபை அந்த நன்றியைப் பதிவு செய்து, கிடைத்தது என்று எழுதியிருக்கிறது. மெஷின் அதற்கும் நன்றி சொல்லியிருக்கிறது.

"ஆக, அங்க ஒரு மெஷின், இங்க ஒரு மெஷின்."

"ஆமா."

"ஜூலை பூரா மாத்தி மாத்தி நல்லா இருன்னு வாழ்த்திக்கிட்டு இருந்திருக்கு."

"ஆமா."

"நம்ம அப்பாவும் அம்மாவும் ஆயுசுல இவ்வளவு பேசிக்கிட்டதில்லடா."

அவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். கணக்கு வழக்கு பார்க்கிறவள். பட்டியல் எதுவானாலும் மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்துவிடுவாள்.

"சனி, ஞாயிறு ஒண்ணும் வரலையே. தினம் மூணு மணிக்கும் கொஞ்ச நேரம் நின்னிருக்கு."

"அரசாங்க மெஷின். காபி நேரத்தையும் சேர்த்து செட் பண்ணியிருப்பாங்க."

குன்வோருக்கு அது நியாயமாகவே பட்டது.

"சரி. முதல்ல இதை நிறுத்து. அப்புறம் டெண்டரை அனுப்பு."

"பத்து நிமிஷம்," என்றான் சிக்ஸ்டன்.

சிக்ஸ்டனின் பத்து நிமிடத்தில் பட்டறை ஆட்கள் மதியச் சாப்பாட்டை முடித்து, ஒரு ஆட்டம் சீட்டும் போட்டுவிடுவார்கள்.

அவன் சவுனாவுக்குள் போய், பலகையில் உட்கார்ந்து, தானாகப் பதில் போடும் வேலையை நிறுத்தினான். நிறுத்தியது மனதில் பதியட்டும் என்று மெஷினை ஒருமுறை அணைத்து எழுப்பினான். எழுந்த மெஷின், நிறுத்தச் சொன்னதை மறந்திருந்தது. யார் யாருக்குப் பதில் போட்டோம் என்பதையும் மறந்திருந்தது. பெட்டியில் அறுநூறு கடிதங்கள் கிடப்பதைப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக நன்றி சொல்லத் தொடங்கியது.

சிக்ஸ்டன் முதலில் விளக்குகள் சிமிட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். பிறகு புரிந்தது. பலகைக்கு அடியில் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். அதற்குள் பாதிக்குமேல் போய்விட்டது.

"ஆச்சா?" என்றாள் குன்வோர், அவன் மேலே வந்ததும்.

"நின்னுடுச்சு," என்றான். அது பொய்யில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த நன்றிப் பதிலையே அழித்துவிட்டு, மெஷினை மறுபடி எழுப்பி, டெண்டரை அனுப்பினான். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது. கிரெஸ்மூவுக்குப் போகும் கடிதங்களை வடிகட்டும் மாவட்டக் கணினி கூடவே ஒரு வரி எழுதியிருந்தது. 'இந்த முகவரியிலிருந்து குப்பைக் கடிதங்கள் வருகின்றன. இனி ஏற்பதற்கில்லை.'

குன்வோர் அதை இரண்டு முறை படித்தாள். "நீ நல்லா இருன்னு சொன்னது குப்பையாம்."

சிக்ஸ்டன் நகரசபைக்கு ஃபோன் போட்டான். இணைப்பு கொடுக்கும் பெண் எடுத்தாள்.

"கம்ப்யூட்டர் விஷயமா? அதெல்லாம் டோர்ஸ்டென். லீவ்ல இருக்கார். அடுத்த வாரம்தான் வருவார்."

"அவருக்குப் பதிலா யாரு?"

"டோர்ஸ்டெனுக்குப் பதிலா டோர்ஸ்டென்தான்."

"எங்க இருக்காரு?"

"தீவுல. ஃபோன் எடுக்க மாட்டார். லீவ்ல எடுக்கக் கூடாதுன்னு அவங்க யூனியன் தலைவரே சொல்லியிருக்கார்."

"யாரு தலைவர்?"

"டோர்ஸ்டென்தான். வேணும்னா பதிவுப் பிரிவுக்கு இணைக்கட்டுமா?"

"வேண்டாம். அங்க ஏற்கெனவே நிறையப் பேசியாச்சு," என்று வைத்துவிட்டான்.

"வேற மெயில்லேருந்து அனுப்பேன்," என்றாள் குன்வோர். "ஊர்ல எல்லாரும் இலவச மெயில்தானே வச்சிருக்காங்க."

"கம்பெனியோட பதிவான முகவரியிலேருந்துதான் வரணும்னு டெண்டர்ல போட்டிருக்கு. அதுவுமில்லாம, நம்ம மெஷினால ஒரு கடிதம் அனுப்ப முடியலன்னு ஒத்துக்கச் சொல்றியா?"

"அதைத்தான் சொல்றேன்."

"பத்து நிமிஷம் குடு."

புதன்கிழமை அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. கெட்ட பெயர் கம்பெனிக்கு இல்லை. பிராட்பேண்ட் லைனுக்குக் கொடுத்திருக்கும் எண்ணுக்குத்தான். மோடத்தை ஒரு மணி நேரம் அணைத்துப் போட்டால் வேறு எண் கிடைக்கும். வீடு மாறுவது போல. அணைத்தான். கிடைத்தது.

முதலில் தேவாலயத்திலிருந்து ஃபோன் வந்தது. கல்லறைத் தோட்டத்துப் பாதைக்குக் கழி கேட்டிருந்த பாதிரியார்.

"குன்வோர், உங்ககிட்டேருந்து மெயில் வந்தா என் கம்ப்யூட்டர் அலறுதே."

"என்ன சொல்லுது?"

"இளைக்கிற மாத்திரை விக்கறவங்க, ஜாக்கிரதைங்குது."

"நாங்க கழிதான் விக்கறோம், ஃபாதர்."

"நானும் அதைத்தான் நினைச்சேன். ஒருவேளை விக்கறதா இருந்தா எனக்கு ஒரு டப்பா எடுத்து வைங்க."

அந்த எண்ணில் இதற்கு முன்பு குடியிருந்தவன் மாத்திரை வியாபாரி. அவன் காலி செய்துவிட்டுப் போனாலும் ஊரெல்லாம் அவன் பெயர் அந்த எண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாலைக்குள் கோல்ஃப் கிளப்பும், சாலைச் சங்கமும், பெயின்ட் விற்கிறவரும் கம்பெனியின் கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நேத்து நகரசபை மட்டும்தான் நம்மளைச் சேர்க்கல," என்றாள் குன்வோர். "இன்னைக்கு நாடே சேர்க்கல. முன்னேற்றம்தான்."

"நிலையா ஒரு எண் வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்."

"எவ்வளவு நேரமாகும், தம்பி?"

அவன் சவுனாவுக்கு இறங்கிப் போனான்.

வியாழக்கிழமை பிராட்பேண்ட் கம்பெனியை அழைத்தான். அவனுக்கு முன்னால் பலர் காத்திருப்பதாக ஒரு குரல் சொன்னது. அக்கார்டியன் வாசிப்பு கேட்டது. பட்டறையில் ஒரு கட்டுக் கழிக்கு ஆரஞ்சு பூசி முடித்தார்கள். கடைசியில் ஒரு பெண் பேசினாள். வடக்கத்திக்காரி.

"எனக்கு நிலையா ஒரு எண் வேணும்," என்றான் சிக்ஸ்டன்.

"குடுத்துடலாம். எதுக்கு?"

சும்மா என்று சொல்லியிருக்கலாம். அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"மெயில் சர்வருக்கு."

"இது வீட்டு லைனாச்சே."

"ஆமா. சவுனால வச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் தட்டச்சு நின்றது.

"வீட்டு லைன்ல மெயில் சர்வர் கூடாதே."

"மூணு வருஷமா ஓடிக்கிட்டிருக்கே."

அவள் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தாள். வடக்கே 'ஆமாம்' சொல்வது அப்படித்தான். "அது எங்களுக்குத் தெரியாம இருந்துது. இப்பத் தெரிஞ்சு போச்சே."

"தெரிஞ்சா?"

"மெயில் போற வாசலை மூடணும்."

"தெரியாத மாதிரி இருந்துட முடியாதா?"

"உங்களுக்காக இருந்திருப்பேன். ஆனா நீங்க சொல்லச் சொல்ல எழுதிட்டேனே."

தட்டச்சு மறுபடி கேட்டது.

"மூடியாச்சு," என்றாள் அவள். "நல்லாப் பேசினீங்க. சாயங்காலம் நல்லபடியா அமையட்டும்."

"உங்களுக்கும்," என்றான் சிக்ஸ்டன், பழக்க தோஷத்தில்.

அன்று மாலை மெஷினால் எந்தக் கடிதத்தையும் எவருக்கும் அனுப்ப முடியவில்லை. மேல் பலகையில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் குன்வோர் ஒரு பழுப்பு உறையை மேசையில் வைத்தாள். டெண்டர், அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஒட்டியாகிவிட்டது.

"நேர்லயும் குடுக்கலாம்னு நாலாவது பக்கத்துல போட்டிருக்கு."

"எப்பப் பார்த்த?"

"திங்கக்கிழமை."

"சொல்லவே இல்லையே!"

"நீ பத்து நிமிஷம்னு சொன்ன."

அவன் உறையை எடுத்துக்கொண்டான். அவள் வாசல்வரை கூட வந்தாள்.

"பன்னெண்டு மணிக்குள்ள இது போய்ச் சேரலன்னா, பட்டறையில இருக்கற மூணு பேருக்கும் என்ன சொல்றதுன்னு நீயே யோசிச்சுக்கோ. நான் பிளாஸ்டிக்காரன்கிட்ட கணக்கெழுதப் போயிடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. அதனால் அவன் வேகமாக ஓட்டினான். வேகம், பாதி வழியில் கேரவன் இழுத்துப் போகும் ஒரு கார் முன்னால் அகப்படும்வரைதான். காட்டுப்பாதை. தாண்ட இடமில்லை. கேரவனின் பின் ஜன்னலில் ஒரு நாய் உட்கார்ந்து, கிரெஸ்மூ வரும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

நகரசபையின் நடைவழி நீளமாக, காலியாக இருந்தது. அறைக்கு அறை கதவு சாத்தி, அடுத்த வாரம் சந்திப்போம் என்று காகிதம் ஒட்டியிருந்தது. கடைசிக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே அவன் வயதை ஒத்த ஒரு பெண். வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. மேசையில் மூன்று விரல் உயரத்துக்குக் காகிதம். பெயர்ப் பலகையில் வெண்டெலா என்று இருந்தது. மெஷின் இவள் பெயரில்தான் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருக்கிறது என்று சிக்ஸ்டன் புரிந்துகொண்டான்.

"பனிக்கழி டெண்டர் குடுக்கணும்."

"குடுங்க." உறையின் மேல் இருந்த பெயரைப் படித்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "சிக்ஸ்டனா?"

"ஆமா."

"அந்த சிக்ஸ்டனா?"

"எந்த சிக்ஸ்டன்?"

அவள் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். அலமாரி நிறையக் கோப்புகள். "இதெல்லாம் நீங்கதான்."

சிக்ஸ்டன் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தான். தாளுக்கு ஒரு நன்றி. தாளுக்கு ஒரு முத்திரை. தாளுக்கு ஓர் எண்.

"எல்லாத்தையும் அச்செடுத்து வச்சிருக்கீங்களா?"

"நகரசபைக்கு வர்ற கடிதம் எல்லாம் ஊருக்குப் பொது. யாரு வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டணும்."

"வெறும் வாழ்த்தா இருந்தாக்கூடவா?"

"அதுவும் கடிதம்தானே."

"யாராவது கேட்டாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல." கோப்பை அவன் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். "கேட்டா இருக்கும்."

கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சிக்ஸ்டனுக்கு நிம்மதி வந்தது.

"இதுல ஒரு முத்திரை குத்திட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்."

"குத்தினாத்தான் வந்து சேர்ந்ததாக் கணக்கு," என்றாள் அவள். "ஆனா வரிசைப்படிதான் குத்தணும். முன்னாடி வந்ததெல்லாம் பாக்கி இருக்கு." காகிதக் குவியலைத் தொட்டாள். "திங்கக்கிழமை ஒரே மூச்சுல வந்துது."

"யாரோடது?"

"உங்களோடதுதான்."

சிக்ஸ்டன் உட்கார்ந்துவிட்டான்.

"என் கடிதத்தை நானே தாண்டிப் போகக் கூடாதா?"

"கூடாதுங்க. நாளைக்கு வேற கம்பெனிக்காரர் வந்து, இவருக்கு மட்டும் ஏன் முன்னாடி குத்தினீங்கன்னு கேட்டா?"

"முன்னாடி நிக்கறதும் நான்தானே!"

"அதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது? வரிசை வரிசைதான்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஆரஞ்சு பூசிக்கொண்டிருக்கும் மூன்று பேரை நினைத்தான். அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"கை நல்லா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பேன். இப்ப ஒண்ணு குத்தறதுக்குள்ள வலி உயிர் போகுது."

"நான் குத்தட்டுமா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைப் படித்தாள்.

"முத்திரை என் அறையை விட்டு வெளியே போகக் கூடாதுன்னு இருக்கு. யாரு குத்தணும்னு எதுவும் இல்ல."

அவன் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவள் இடது கையால் எண் எழுதித் தள்ளினாள். அவன் குத்தினான்.

"நல்ல கோடை அமையட்டும்," என்று முதலில் ஒவ்வொன்றையும் படித்தான்.

"படிக்க வேண்டாம். குத்துங்க."

குத்தினான். எழுதினாள். குத்தினான். மேசை ஆடியது. ஜன்னலுக்கு வெளியே ஏரியில் யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள். குவியல் பாதியானபோது அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"ஆச்சரியக்குறி போட்டிருக்கீங்களே. அது உங்க யோசனையா?"

"ஆமா."

"நல்லா இருக்கு. இங்க வர்ற கடிதத்துல அதெல்லாம் இருக்காது. புகார்லதான் இருக்கும்."

அவன் இரண்டு தாளைச் சேர்த்துக் குத்திவிட்டான். அவள் பிரித்து, அடியில் இருந்ததை மறுபடி நீட்டினாள். ஒரு தட்டையும் நகர்த்தினாள். அதில் இலவங்கப்பட்டை ரொட்டி இருந்தது.

"சாப்பிடுங்க. ஆனா நிறுத்தாதீங்க."

இடது கையில் ரொட்டி, வலது கையில் முத்திரை. ஜூலை மாதத்தில் அவன் சொன்ன நன்றிகள், சொல்லாத நன்றிகள், திரும்பச் சொன்ன நன்றிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவன் கைக்கடியில் போயின. குவியல் விரல் உயரமானது. தகடானது. மேசையின் மரம் தெரிந்தது.

அவள் பழுப்பு உறையில் எண் எழுதித் தள்ளினாள். சிக்ஸ்டன் இரண்டு கையாலும் முத்திரையைப் பிடித்துக் குத்தினான். தேவாலயத்தில் மணி அடிக்கத் தொடங்கியது.

"முதல் அடிக்கு முன்னாடியே," என்றாள் அவள். குறித்துக்கொண்டாள்.

சிக்ஸ்டன் பன்னிரண்டு மணியும் அடித்து முடியும்வரை அசையாமல் இருந்தான். பிறகு குன்வோருக்கு ஃபோன் போட்டான். "சேர்ந்துடுச்சு," என்றான். அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ சுத்தியால் கழிக்கட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மூன்று பேர் தட்டினார்கள்.

வைத்துவிட்டு எழுந்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்காமல் போக அவனுக்கு மனமில்லை.

"உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன். ரெண்டு மெஷினும் ஒண்ணை ஒண்ணு விடாம ஜூலை பூரா எழுதிக்கிட்டே இருந்திருக்கு. எங்க பக்கம் நிறுத்திட்டேன். டோர்ஸ்டென் லீவ்லேருந்து வந்ததும் உங்க பக்கத்து மெஷினையும் நிறுத்தச் சொல்லிடுங்க."

வெண்டெலா மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து, மறுபடி இறுக்கிச் சுற்றினாள்.

"எங்க பக்கம் மெஷின் ஏதுங்க?" என்றாள். "ஒவ்வொண்ணுக்கும் நான்தான் உக்காந்து பதில் போட்டேன்."